கியர்க் கம்பியும் நெம்புகோல் நியதியும்

கார் ஓட்டத் தெரிந்தவர்கள் நம்முள் பலர் உளர். ஆனால், இடக்கையின் கீழ் இருக்கும் கியர்க் கம்பியை ஒரு பௌதிகக் கருவியாக எண்ணிப் பார்த்தவர்கள் மிகச் சிலரே. சென்ற ஆண்டு வரை நானும் அப்படி எண்ணிப் பார்த்ததில்லை. பௌதிகத்தில் முதுகலை வகுப்புக்கு வந்துவிட்ட எனக்குப் பள்ளிக்கூடத்தில் படித்த நெம்புகோல் நியதி மறந்து போயிருந்தது. அதைப் போடிமெட்டு மலைச்சாலையின் இறக்கத்தில், பின் இருக்கையில் என் தாயார் அமர்ந்திருக்க, மீண்டும் கற்றுக்கொண்டேன். அப்படிக் கற்றதை உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

வண்டி எது?

பாலக்காடு மாவட்டத்தின் எல்லையில், பொள்ளாச்சிக்கு அருகே, கொழிஞ்சாம்பாறை என்றோர் ஊர் உண்டு. கேரளத்தில் இருந்தாலும் தெருவில் தமிழே மிகுதியாக ஒலிக்கும் ஊர் அது. என் தாய்மாமன் வீடு அங்கே இருக்கிறது. அவரிடம் 1966-ஆம் ஆண்டு செய்யப்பட்ட ஸ்டாண்டர்டு ஹெரால்ட் கார் ஒன்று இன்றும் ஓடும் நிலையில் உள்ளது.

ஹெரால்டின் வரலாற்றைச் சிறிது சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் டிரையம்ப் ஹெரால்ட் என்ற பெயரில் அது 1959-இல் வெளிவந்தது. அதன் உடலை வரைந்தவர் ஜியோவன்னி மிக்கலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனத்தார் அதை ஸ்டாண்டர்டு ஹெரால்ட் என்ற பெயரில் செய்தனர். இதே ஹெரால்டின் அடிச்சட்டத்தைத் தழுவி, அதே மிக்கலோட்டியின் கைவண்ணத்தில், 1962-இல் இங்கிலாந்தில் பிறந்ததுதான் ஸ்பிட்ஃபயர் என்னும் புகழ்பெற்ற பந்தய வடிவக் கார். ஆகவே ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரும் உடன்பிறப்புகள் எனலாம். ஸ்பிட்ஃபயர் வைத்திருப்போர் தம் கியர்க் கம்பியைப் பற்றிக் கொள்ளும் ஆசைகளும் படும் தொல்லைகளும் நம் ஹெரால்டுக்கும் அப்படியே பொருந்தும்.

மலைநாட்டுக்கு இவ்வண்டி ஏற்றது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. ஹெரால்டின் முன்சக்கரங்கள் மிக நன்றாகத் திரும்பும். 25 அடி விட்டமுள்ள வட்டத்துக்குள் அது முழுதாய்ச் சுற்றிவிடும். கொண்டை ஊசி வளைவில் மற்ற வண்டிகள் பின்னுக்கு வாங்கித் திரும்பும் இடத்திலும் இது ஒரே வீச்சில் திரும்பும். ஆனால் அதன் கியர்க் கம்பி மட்டும், வயதாக ஆக, குழம்பில் கரண்டியைத் துழாவுவது போல் ஆகிவிடும்.

ஆசை எங்கே பிறந்தது?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோயம்புத்தூர் அதிகத் தொலைவன்று. அந்நகரை அடுத்த செட்டிபாளையத்தில், பந்தயக் கார்களை வடிவமைத்துச் செய்த கரிவர்தன் அவர்களின் நினைவாக, 2003-இல் கரி மோட்டார் ஸ்பீட்வே திறக்கப்பட்டது. அங்கே பந்தயம் பார்த்துத் திரும்பும் இளைஞர் எவருக்கும், கியர்க் கம்பி குட்டையாக இருக்க வேண்டும், மணிக்கட்டை அசைத்தால் கியர் விழ வேண்டும் என்ற ஆசை தோன்றும். எனக்கும் தோன்றியது. மாமாவிடம் அனுமதி கேட்டேன். “வண்டியை ஓட்டுறவன் நீதான், மாப்ளே. பாத்துச் செய்” என்றார். “பாத்து” என்ற சொல்லை நான் சரியாகக் காதில் வாங்கவில்லை.

கியர்க் கம்பி செய்யும் வேலை

கியர்க் கம்பி ஒரு நெம்புகோல். ஏலத்தோட்டத்தில் பாறையைப் புரட்டக் கடப்பாரை போடுகிறார்களே, அதற்கும் இதற்கும் தத்துவத்தில் வேறுபாடில்லை. கம்பியின் நடுவே ஓர் உருண்டை உண்டு. அது ஒரு குழிவில் உட்கார்ந்து சுழலும். அதுவே ஆதாரப் புள்ளி. அதற்கு மேலே கைப்பிடி வரை உள்ள நீளத்தை மேற்புயம் என்றும், கீழே கம்பியின் முனை வரை உள்ள நீளத்தைக் கீழ்ப்புயம் என்றும் கொள்வோம். கைப்பிடியை முன்னே தள்ளினால் கீழ்முனை பின்னே போகும். அந்தக் கீழ்முனை ஒரு தண்டை நகர்த்தும். அத்தண்டு கியர்ப் பெட்டியினுள் உள்ள கவட்டையை நகர்த்தும். கவட்டை ஒரு பல் வளையத்தைத் தள்ளி, வேண்டிய பற்சக்கரத்தோடு கோக்கும்.

கைப்பிடி நியூட்ரலிலிருந்து ஒரு கியருக்குச் செல்லும் தூரத்தை வீச்சு என்று அழைப்போம். எங்கள் வண்டியில் நான் அளந்தவற்றை முழு எண்களாக்கித் தருகிறேன்.

மேற்புயம் 240 மி.மீ. கீழ்ப்புயம் 40 மி.மீ. ஆகவே புயங்களின் விகிதம் 6. உள்ளே தண்டு நகர வேண்டிய தூரம் 10 மி.மீ. எனவே கைப்பிடி நகர வேண்டிய தூரம், அதாவது வீச்சு, 60 மி.மீ.

வீச்சைக் குறைக்க இரு வழிகள் உள. ஒன்று, மேற்புயத்தைக் குறைப்பது, அதாவது கம்பியின் தலையை வெட்டுவது. மற்றொன்று, கீழ்ப்புயத்தைக் கூட்டுவது. ஆதாரப் புள்ளியைச் சிறிது உயர்த்தினாலோ கீழ்முனையை நீட்டினாலோ இது கைகூடும். வெளிநாடுகளில் ஸ்பிட்ஃபயருக்கென விற்கும் குறுவீச்சுச் சாமான்கள் பெரும்பாலும் இரண்டாம் வழியையே பின்பற்றுகின்றன. கைப்பிடி இருந்த உயரத்திலேயே இருக்க, வீச்சு மட்டும் குறையும் என்பது அதன் சிறப்பு.

நான் எளிய வழியைப் பற்றினேன். மேற்புயத்தில் 65 மி.மீ. வெட்டி எறிந்தேன். 240 என்பது 175 ஆயிற்று. விகிதம் 6 என்பது 4.375 ஆயிற்று. வீச்சு 60 மி.மீ. என்பது ஏறக்குறைய 44 மி.மீ. ஆயிற்று. பழைய கைப்பிடி அழகாக இல்லை என்று பித்தளையில் கடைந்த கனமான குமிழ் ஒன்றையும் மேலே திருகினேன்.

இயற்கை இலவசமாகத் தருவதில்லை

இங்கேதான் நெம்புகோல் நியதி வருகிறது. தூரத்தில் இலாபம் பெற்றால் விசையில் நட்டம் அடைந்தே தீரவேண்டும்.

கீழ்முனையில் தண்டை நகர்த்த 180 நியூட்டன் விசை தேவை என்று கொள்வோம். விகிதம் 6 ஆக இருந்தபோது கை கொடுக்க வேண்டியது 30 நியூட்டன், அதாவது சுமார் 3 கிலோ எடையைத் தாங்கும் விசை. விகிதம் 4.375 ஆனதும் கை கொடுக்க வேண்டியது சுமார் 41 நியூட்டன். விசை 37 விழுக்காடு கூடிற்று. ஆனால் வேலையைக் கணக்கிட்டுப் பாருங்கள். முன்பு 30 நியூட்டன், 60 மி.மீ. தூரம், பெருக்கினால் 1.8 ஜூல். இப்போது 41 நியூட்டன், 44 மி.மீ. தூரம், பெருக்கினால் அதே 1.8 ஜூல். கம்பியை வெட்டியதால் ஒரு துளி வேலையும் குறையவில்லை. நீண்ட தூரம் மெல்லத் தள்ளியதற்குப் பதிலாகக் குறுகிய தூரம் வலிந்து தள்ளுகிறோம். அவ்வளவே.

இதனுடன் முடிந்தால் பெரிதில்லை. நம் கை பழக்கத்துக்கு அடிமை. பல மாதங்கள் 3 கிலோ விசைக்குப் பழகிய கை, ஒரே நாளில் 4 கிலோ விசைக்கு மாறிவிடுவதில்லை. பழைய 30 நியூட்டனையே அது கொடுக்கிறது என்று வையுங்கள். கீழ்முனையில் இப்போது கிடைப்பது 180 நியூட்டன் அன்று, 131 நியூட்டன்தான்.

இந்தக் குறைவு எதைப் பாதிக்கும் என்பதை அறியக் கியர்ப் பெட்டியினுள் நுழைய வேண்டும். சுழன்றுகொண்டிருக்கும் இரு சக்கரங்கள் வெவ்வேறு வேகத்தில் இருக்கும்போது அவற்றைக் கோத்தால் பற்கள் மோதி அலறும். இதைத் தவிர்க்க 1928-இல் அமெரிக்காவின் காடிலாக் கார்களில் சிங்க்ரோமெஷ் என்ற ஏற்பாடு வந்தது. கோக்கும் முன் கூம்பு வடிவான இரு பரப்புகள் ஒன்றையொன்று தொட்டு உராய்ந்து, வேகங்களைச் சமப்படுத்தும். பிறகே பற்கள் கோக்கும். ஹெரால்டில் இரண்டாம், மூன்றாம், நான்காம் கியர்களுக்கு இவ்வசதி உண்டு. முதல் கியருக்கு இல்லை.

கூம்புகள் வேகத்தைச் சமப்படுத்த எடுக்கும் நேரம், அவற்றை அழுத்தும் விசையைப் பொறுத்தது. விசை குறைந்தால் நேரம் கூடும். 180 என்பது 131 ஆகும்போது, நேரமும் 37 விழுக்காடு கூடும். விரைவாகக் கியர் மாற்ற விரும்பிக் கம்பியை வெட்டினால், உள்ளே இருக்கும் கூம்பு அதிக நேரம் கேட்கிறது! கை அவசரப்பட்டால் பற்கள் உரசும்.

பந்தயக்காரர்கள் மட்டும் எவ்வாறு குறுவீச்சில் ஓட்டுகிறார்கள் என்று கேட்கலாம். அவர்கள் கை அவ்விசைக்குப் பயின்றது. எஞ்சின் வேகத்தைச் சக்கர வேகத்தோடு காலாலேயே சமப்படுத்தவும் அறிந்தவர்கள். பந்தயம் முடிந்ததும் பெட்டியைப் பிரித்துப் பார்க்கும் ஆள்களும் அவர்களுக்கு உண்டு. நமக்கு அவற்றுள் எதுவும் இல்லை.

சமவெளி சொன்ன பொய்

வெட்டி முடித்த அன்று கொழிஞ்சாம்பாறையிலிருந்து வாளையாறு வரை ஓட்டிப் பார்த்தேன். பாலக்காட்டுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையின் இடைவெளி. சாலை தட்டையாகக் கிடக்கும். அதில் கியர் மாற்றும் தேவையே குறைவு. குட்டைக் கம்பி கையில் கச்சிதமாக விழுந்தது. முன்பு தொளதொளவென்று ஆடிய கம்பியின் ஆட்டமும் குறைந்தாற்போல் தோன்றியது. மெத்த மகிழ்ச்சியடைந்தேன்.

நண்பர்களே, நான் செய்த பெருந்தவறு இந்த இடத்தில்தான் இருக்கிறது. கம்பியின் கீழ்முனை உட்காரும் புஷ் தேய்ந்திருந்தது. அதனால் அங்கே 2 மி.மீ. ஆட்டம் இருந்தது. விகிதம் 6 ஆக இருந்தபோது அந்த 2 மி.மீ. ஆட்டம் கைப்பிடியில் 12 மி.மீ. ஆகப் பெருகித் தெரிந்தது. கம்பியை வெட்டியதும் அது 9 மி.மீ. அளவுக்குச் சுருங்கித் தெரிந்தது. நான் ஆட்டம் குறைந்துவிட்டது என்று எண்ணினேன். உண்மையில் கீழே ஆட்டம் அப்படியே 2 மி.மீ.தான் இருந்தது. நோயைக் காட்டும் கண்ணாடியின் உருப்பெருக்கத்தைக் குறைத்துவிட்டு, நோய் குறைந்தது என்று களித்திருக்கிறேன்!

மலைச்சாலையில்

ஒரு வாரம் கழித்துப் போடிநாயக்கனூரில் உறவினர் திருமணம். என் பாட்டனார் போடியிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்காக இடுக்கி மலைக்கு ஏறியவர்; அன்று முதல் எங்கள் குடும்பம் பூப்பாறையில் இருக்கிறது. மாமாவையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு சென்று, அங்கிருந்து பூப்பாறையை அடைந்து, என் தாயாரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியே இறங்குவது என்று திட்டம்.

மறையூர் ஏற்றம் முழுவதும் வண்டி குறையொன்றும் காட்டவில்லை. மூணாற்றுக்கு அப்பால், தேவிகுளம் தாண்டிக் கேப் ரோட்டின் இறக்கத்தில், மூன்றாம் கியர் ஒருமுறை தானாகவே நழுவி நியூட்ரலுக்கு வந்தது. என் கை சரியாகப் போடவில்லை போலும் என்று எண்ணி மீண்டும் போட்டேன். மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

போடிமெட்டிலிருந்து மலையடிவாரம் வரை 17 கொண்டை ஊசி வளைவுகள். இறங்கும் உயரம் சுமார் 1,000 மீட்டர். இதை ஒரு பௌதிக மாணவனாகக் கணக்கிட்டிருக்க வேண்டும், பிறகுதான் கணக்கிட்டேன். வண்டியும் நால்வருமாகச் சேர்ந்து ஏறக்குறைய 1,000 கிலோ. அது 1,000 மீட்டர் இறங்கினால் இழக்கும் நிலையாற்றல் 98 இலட்சம் ஜூல். இவ்வளவும் எங்கேனும் வெப்பமாக மாறியே ஆகவேண்டும். ஒரு பகுதியைக் காற்றும் சக்கர உராய்வும் எடுத்துக்கொள்ளும். மிகுதியை எஞ்சின் எடுத்துக்கொள்ள வேண்டும். இல்லையேல் பிரேக்குகள் எடுத்துக்கொள்ள வேண்டும். மொத்த வெப்பமும் ஓரிடத்தில் சேர்ந்தால் 33 லிட்டர் தண்ணீரைச் சாதாரண வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக். மூடிய டிரம்முக்குள் அவ்வளவு வெப்பம் ஏறினால் பிரேக்கின் பிடி தளரும். அதனால்தான் ஏறும் கியரிலேயே இறங்கு என்று மலைநாட்டில் முதல் பாடமாகச் சொல்லித் தருகிறார்கள்.

நான் இரண்டாம் கியரில் இறங்கியிருக்க வேண்டும். இரண்டாம் கியர் அன்று கையில் கடினமாக விழுந்தது. ஆகையால் சோம்பல்பட்டு மூன்றாவதிலேயே, பிரேக்கை மிதித்து மிதித்து இறங்கினேன். நான்கு வளைவுகள் கடந்தன. பிரேக் காய்ந்த வாடை வந்தது. ஐந்தாம் வளைவுக்குச் சற்று மேலே சாலையில் ஒரு சிறு குழி. வண்டி குதித்தது. எஞ்சினின் ஒலி திடீரெனத் தணிந்தது. மூன்றாம் கியர் நழுவிவிட்டது. வண்டி தன் எடையால் உருளத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தேன். அது வழக்கத்தைவிட ஆழமாக இறங்கியது. கீழிருந்து ஒரு பேருந்து வளைவை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

கையை நீட்டினேன். பழைய உயரத்தில் கைப்பிடியைத் தேடிய கை வெறும் காற்றைப் பிடித்தது! அது 65 மி.மீ. கீழே இருந்தது.

மாமா பதறவில்லை. “மாப்ளே, கிளட்சை மிதி. கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடு. இப்ப இழு” என்றார். சொல்லிக்கொண்டே தம் வலக்கையை என் கைமேல் வைத்து, இரண்டாம் கியருக்கு அழுத்தி இழுத்தார். பற்கள் ஒருமுறை அலறின. பிறகு உள்ளே ‘டக்’ என்று ஓர் ஒலி. எஞ்சின் உரக்க முழங்கி வண்டியைப் பின்னிழுத்தது. வளைவுக்கு முன்பே ஓரமாக நிறுத்தினோம். பேருந்து எங்களைக் கடந்து சென்றது. பின்னால் என் தாயார் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் இருக்கையின் முதுகை அவர் பற்றியிருந்த கைகள் மட்டும் வெகுநேரம் விடவில்லை.

நடந்தது என்ன?

அரைமணி நேரம் பிரேக்கை ஆறவிட்டு, இரண்டாம் கியரிலேயே போடி சேர்ந்தோம். மறுநாள் அங்கே ஒரு வயதான மேஸ்திரியிடம் வண்டியைக் காட்டினோம். அவர் கம்பியைப் பிடித்து இருமுறை ஆட்டினார். பிறகு என்னைப் பார்த்து, “ஆட்டத்த எடுக்காம உயரத்த எடுத்திருக்கியே, தம்பி” என்றார். நான் பக்கம் பக்கமாக எழுதுவதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

அவர் சொன்னதை விளக்குவோம். தண்டு 10 மி.மீ. முழுதாக நகர்ந்தால்தான் பல் வளையம் சக்கரத்தின் பற்களோடு ஆழமாகக் கோக்கும். அந்த இடத்தில் சுருள்வில்லால் தள்ளப்படும் ஒரு சிறு குண்டு, தண்டின் பள்ளத்தில் விழுந்து அதைப் பூட்டும். நாம் கேட்கும் ‘டக்’ என்ற ஒலி அதுவே. எங்கள் வண்டியிலோ, கைப்பிடி நகர்ந்ததில் 2 மி.மீ. அளவு புஷ்ஷின் ஆட்டத்தில் வீணாயிற்று. விசையும் முன்னிலும் கூடுதலாக வேண்டியிருந்தது. ஆகவே பழைய விசைக்குப் பழகிய என் கை, எதிர்ப்பை உணர்ந்தவுடன், கியர் விழுந்துவிட்டது என்று எண்ணி நின்றுவிட்டது. பற்கள் அரைகுறையாகக் கோத்தன; குண்டு பள்ளத்தில் விழவில்லை.

ஏற்றத்தில் ஏன் நழுவவில்லை? ஏறும்போது எஞ்சின் சக்கரங்களைத் தள்ளுகிறது. பற்கள் ஒரு முகத்தில் அழுந்தி நிற்கின்றன. இறங்கும்போது சக்கரங்கள் எஞ்சினைத் தள்ளுகின்றன. பற்கள் மறுமுகத்தில் அழுந்துகின்றன. ஒரு முகத்தில் பிடித்து நின்ற அரைகுறைக் கோப்பு, மறுமுகம் தேய்ந்திருந்தால், அங்கே வழுக்கிவிடும். மேலும், ஆக்சிலேட்டரை மிதிப்பதும் விடுவதுமாக இறங்கும்போது விசையின் திசை அடிக்கடி மாறுகிறது. மேலே நான் திருகிய பித்தளைக் குமிழும் தன் பங்கைச் செய்தது. குழியில் வண்டி குதித்தபோது அக்கனம் கம்பியை உலுக்கி, தொங்கிக்கொண்டிருந்த கியரை வெளியே இழுத்துவிட்டது.

மாமா ஏன் ஆக்சிலேட்டர் கொடுக்கச் சொன்னார்? மூன்றாம் கியரின் விகிதம் 1.5 என்றும் இரண்டாவதின் விகிதம் 2.4 என்றும் கணக்குக்காகக் கொள்வோம். மூன்றாவதில் எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுற்றும் வேகத்தில், இரண்டாவதில் அது 3,200 சுற்று சுற்ற வேண்டும். நியூட்ரலில் விழுந்த எஞ்சினோ மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக்சிலேட்டரைக் கொடுத்து எஞ்சினை எழுப்பி வைத்தால், கிளட்ச் சேரும்போது வண்டி வெட்டி இழுக்காது. கிளட்சை நியூட்ரலில் ஒருமுறை விட்டு மறுபடி மிதிக்க அவகாசம் இருந்திருந்தால் கியர்ப் பெட்டியின் உட்சக்கரங்களும் அதே வேகத்தை அடைந்திருக்கும், பற்களும் அலறியிரா. இதையே ஓட்டுநர் இரட்டைக் கிளட்ச் என்பர். இரண்டாவதில் எஞ்சினின் தடுப்பு சக்கரங்களுக்கு மூன்றாவதைப் போல 1.6 மடங்காகச் சென்று சேரும். பிரேக்குக்கு அவ்வளவு சுமை குறைவு.

கியரை வளைவுக்கு முன்பே மாற்றி முடிக்க வேண்டும் என்பதற்கு ஹெரால்டில் தனிக் காரணமும் உண்டு. அதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே ஊசல்போல் மேலும் கீழும் ஆடும் அச்சில் அமைந்தவை. வளைவின் நடுவே திடீரென வேகம் தடைப்பட்டால் வண்டியின் பின்புறம் எழும்பி, சக்கரங்கள் உள்நோக்கி மடியும், பின்புறம் வழுக்கும். ஸ்பிட்ஃபயரின் முதற்பதிப்புகளுக்கும் இக்குணம் உண்டு.

சரிசெய்யும் முறை

பழைய கார் வைத்திருப்போர் நம் நண்பர்களில் யாரேனும் இருந்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். கம்பியில் அரத்தை வைக்கும் முன் பின்வரும் வரிசையில் பார்க்க வேண்டும்.

முதலாவது, கிளட்ச். கிளட்ச் முழுதாக விடுபடாவிட்டால் எந்தக் கியரும் கடினமாகவே விழும். பழி கம்பியின்மேல் வரும். ஹெரால்டின் கிளட்ச் எண்ணெய் அழுத்தத்தால் இயங்குவது. எண்ணெய் குறைந்துள்ளதா, கசிகிறதா, காற்று புகுந்துள்ளதா என்று பார்க்க வேண்டும்.

இரண்டாவது, கியர்ப் பெட்டியின் எண்ணெய் அளவும், பெட்டியைத் தாங்கும் இரப்பர்களும். இரப்பர் நைந்திருந்தால் எஞ்சின் இழுக்கும்போதெல்லாம் பெட்டியே அசையும். அதனோடு கம்பியும் அசையும்.

மூன்றாவது, ஆட்டம். ஹெரால்டில் இது எளிது. காருக்குள் இருந்தே நடுமேட்டின் மூடியைக் கழற்றிவிட்டால் கியர்ப் பெட்டியின் மேற்பகுதி தெரியும். ஒருவர் கைப்பிடியை மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழே உற்றுப் பார்க்க வேண்டும். தண்டு நகரத் தொடங்குமுன் கைப்பிடி எவ்வளவு வீணாக நகர்கிறது என்பதை அளந்து, புய விகிதத்தால் வகுத்தால் உண்மையான ஆட்டம் கிடைக்கும். உருண்டையின் குழிவு, கீழ்முனையின் புஷ், தண்டின் இணைப்பு ஆகிய மூன்றில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டு, தேய்ந்ததை மாற்ற வேண்டும். புதிய புஷ் கிடைக்காவிட்டால் நைலானில் கடைந்துகொள்ளலாம்.

நான்காவதாகவே வீச்சைப் பற்றி எண்ண வேண்டும். அப்போதும் தலையை வெட்டுவதைவிட ஆதாரத்தை உயர்த்துவதே மேல். கைக்குப் பழகிய உயரம் மாறாது. எங்கள் வண்டியில் ஆதாரத்தை 12 மி.மீ. உயர்த்தினாலே புயங்கள் 228, 52 என்றாகி, விகிதம் ஏறக்குறைய அதே 4.4 ஆகிவிடும். ஆனால் விசையும் அதே அளவு கூடும் என்பதை மறவாதீர்கள். மாற்றியபின் கம்பி நடுமேட்டின் ஓரத்தில் எங்கும் முட்டாமல், எல்லாக் கியரிலும் ‘டக்’ என்ற ஒலி வரை முழுதாகச் செல்கிறதா என்று எஞ்சினை நிறுத்திவைத்துச் சோதிக்க வேண்டும். பிறகு சமவெளியில் மட்டுமன்றி, ஆள் நடமாட்டமில்லாத சிறு இறக்கத்திலும் ஓட்டிப் பார்க்க வேண்டும். இறக்கத்தில் சோதிக்காத கியர் சோதிக்கப்பட்டதாகாது.

கணக்கின் முடிவு

போடி மேஸ்திரி நைலான் புஷ் ஒன்றைக் கடைந்து போட்டார். வெட்டிய கம்பிக்குப் பதிலாகப் பழைய ஹெரால்ட் ஒன்றிலிருந்து கழற்றிய முழுக் கம்பியைத் தேடிக் கொடுத்தார். பித்தளைக் குமிழை நானே கழற்றினேன்.

ஊர் திரும்பியதும் மீண்டும் அளந்தேன். முதலில், தேய்ந்த புஷ்ஷோடு, கைப்பிடி மொத்தம் நகர்ந்தது 72 மி.மீ.; அதில் 60 வீச்சு, 12 ஆட்டம். நான் வெட்டியபின் அது 53 மி.மீ.க்கு இறங்கியது. வெட்டாமல் புஷ் மட்டும் மாற்றியபின் 60 மி.மீ. ஆயிற்று. அதாவது, நான் கம்பியை வெட்டிப் பெற்ற 19 மி.மீ. இலாபத்தில் 12 மி.மீ. தேய்மானத்துக்குள் ஒளிந்திருந்தது. அதைப் பெற விசையில் ஒரு காசும் கொடுக்க வேண்டியிருக்கவில்லை. எஞ்சிய 7 மி.மீ.க்காகவே நான் நான்கு பேரின் உயிரைப் பணயம் வைத்தேன் என்பதைக் கணக்கு எனக்குக் காட்டியது.

நாம் படிக்கும் நியதிகள் தேர்வுத்தாளில் எழுதுவதற்கு மட்டும் உரியவை அல்ல. பொருளின் குறையை நீக்காமல் அதன் தோற்றத்தை மட்டும் குறைக்கும் எந்தத் திருத்தத்தையும், அது கையில் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், சந்தேகிக்க வேண்டும் என்பதே நெம்புகோல் எனக்குக் கற்பித்த பாடம்.

சென்ற மாதம் அதே வண்டியில், அதே சாலையில், என் தாயாரை மீண்டும் போடிக்கு அழைத்துச் சென்றேன். போடிமெட்டின் தலைப்பிலேயே நிறுத்தி, இரண்டாம் கியரைப் போட்டு, ‘டக்’ என்ற ஒலியைக் கேட்டபின் இறங்கத் தொடங்கினேன். 17 வளைவுகளும் கடந்தன. இம்முறை அவர் என் இருக்கையைப் பற்றவில்லை. வழியெல்லாம் திருமண வீட்டுக் கதைகளைப் பேசிக்கொண்டே வந்தார்.